கையெழுத்திடாத பங்காளி

காசநோயை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்பதை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை. சளிப் பரிசோதனை முடிந்ததும் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆறு மாதம் தவறாமல் விழுங்கச் சொல்கிறார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எங்கே பிறந்தது என்று தேடினால் லண்டனுக்கோ ஜெனீவாவுக்கோ போக வேண்டியதில்லை, சென்னை சேத்துப்பட்டுக்குப் போனால் போதும்.

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று ஸ்பர்டாங்க் சாலையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குவது அதுதான். அதை நான்கு தரப்புகள் சேர்ந்து தொடங்கின: உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் அதற்குத் தலைமை ஏற்றார். ஐந்தாண்டுக்கு மட்டும் என்று போட்ட திட்டம் நிரந்தர நிறுவனமாகிவிட்டது. பன்னாட்டு உதவிக் கூட்டுகள் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் நம் காலத்தில், ஒரு கூட்டு முயற்சி உருப்படியாக என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல உதாரணமாக இதைச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கூட்டில் ஐந்தாவதாக ஒரு பங்காளியும் இருந்தாள். அவள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை. இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது.

அதற்கு முன் இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சயரோகம், என்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய்க்கு 1940கள் வரை மருந்து கிடையாது. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, செவிலியர் கவனிப்பு ஆகியவைதான் வைத்தியம். இவற்றுக்காகவே சானடோரியங்கள் கட்டப்பட்டன. 1928இல் டேவிட் சௌரி முத்து தாம்பரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய சானடோரியத்தை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்று இறங்கும் பலருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியாது. ஊரை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில், மாதக்கணக்கில் படுத்திருந்து உடம்பைத் தேற்றும் இடம் அது.

1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதைத் தொடர்ந்து பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மருந்தும், 1952இல் ஐசோனியாசிடும் வந்தன. ஐசோனியாசிட் விலை மலிவு, வாயால் விழுங்கலாம். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. மருந்து இவ்வளவு வேலை செய்யும் என்றால் படுக்கை எதற்கு? 1955க்கும் 1958க்கும் இடையில் இந்தியாவில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, நூறு பேரில் ஒருவருக்கு மேல் நுரையீரலில் காசநோய்த் தடயம் இருப்பதைக் காட்டியது. அத்தனை பேருக்கும் சானடோரியம் கட்ட எந்த அரசிடமும் பணமில்லை, உதவ வந்த நாடுகளிடமும் இல்லை. கேள்வி மருத்துவக் கேள்வியாக இருந்தாலும் அதை அவசரமாக்கியது காசுக் கணக்கு.

மையத்தின் முதல் ஆய்வு இந்தக் கேள்விக்காகவே நடந்தது. சென்னையின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தார்கள். மறு பாதியினர் அதே ஓராண்டு வீட்டில் இருந்தார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே, ஐசோனியாசிடும் பாஸும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவு, கட்டில், ஓய்வு, செவிலியர் எல்லாம் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்களுடைய வீடுதான் கிடைத்தது.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். குறைவான சாப்பாட்டோடு, அதிகமாக நடமாடிக்கொண்டு, இடுக்கமான அறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சிறு வித்தியாசமும் இல்லாமல் போனது. கூட இருந்த குடும்பத்தாரையும் கவனித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. வந்த நோயில் பெரும்பங்கு, நோய் என்று தெரிவதற்கு முந்தைய மாதங்களின் நெருக்கத்தால் வந்தது.

உலகக் காசநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்ட முடிவு இது. இதன் மேல்தான் 1962இல் இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் எழுந்தது. பணக்கார நாடுகள் தங்கள் சானடோரியங்களை மூடவும் இது ஆதாரமாயிற்று. உதவி எப்போதும் மேற்கிலிருந்து கிழக்கே வருவதாகவே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். சென்னைக் குடிசைகளிலிருந்து மேற்கே போன இந்த உதவியை யாரும் உதவி என்று எழுதுவதில்லை.

ஆய்வின் முடிவை இப்படிச் சுருக்கினார்கள்: நல்ல மருந்து முறையாகக் கிடைத்தால் ஓய்வும், சத்துணவும், செவிலியர் கவனிப்பும், காற்றோட்டமான இடமும் கட்டாயமில்லை. இந்த வரியில் நான் நின்றுவிடுகிறேன். சானடோரியத்தில் செவிலியர் செய்த வேலை வீட்டில் தேவைப்படாமல் போய்விட்டதா, அல்லது வேறொருவர் அதைச் செய்தாரா?

அந்த மருந்தின் தன்மையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பாஸ் லேசான மாத்திரை அல்ல. நாளுக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். சில வாரங்களில் இருமல் நின்று உடம்பு தேறியதும், இனி எதற்கு இந்தக் கசப்பு என்று தோன்றும். அங்கேதான் சிகிச்சை தோற்கும் அபாயம். மாத்திரையை நினைவூட்டியவர் யார்? வாந்தியைத் துடைத்தவர் யார்? குழாயடியில் வரிசையில் நின்று அந்தக் கூடுதல் குடம் தண்ணீரைக் கொண்டுவந்தவர் யார்? சளித் துப்பிய பாத்திரத்தைக் கழுவியவர், நோயாளியின் கூலி நின்ற மாதங்களில் அடுப்பெரிக்க வழி பார்த்தவர் யார்? அந்தக் குடியிருப்புகளின் வாழ்க்கையை அறிந்த எவருக்கும் இதற்கு ஒரே பதில்தான். நோயாளியின் மனைவி, தாய், மகள், மருமகள்.

மையம் இதை நடைமுறையில் அறிந்தே இருந்தது. சுகாதாரச் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நோயாளிகள் மருந்தைத் தாமாகத் தொடர்ந்து விழுங்குவார்களா என்ற கேள்வியை நுட்பமாக ஆராய்ந்த முன்னோடிகளில் சென்னை மையத்தாரும் உண்டு. கதவைத் தட்டியவர்களில் பெண்கள் இருந்தார்கள், திறந்தவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவை எழுதும்போது அந்த வாசற்படி உரையாடல்கள் எல்லாம் 'ஒத்துழைப்பு' என்ற ஒரே சொல்லாகச் சுருங்கின.

எடை, சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, உண்ட உணவு எல்லாம் அளக்கப்பட்டன. பராமரித்தவளின் நேரத்தை அளக்கும் எண்ணம் அந்தக் காலத்து மருத்துவத்துக்கு இல்லை. அளக்காதது செலவுக் கணக்கில் வராது. அதனால்தான் வீட்டுச் சிகிச்சை மலிவானது என்று சொல்ல முடிந்தது. சானடோரியத்தின் செலவு வீட்டுக்குள் இடம் மாறியது என்பதே என் வாசிப்பு. அரசின் பேரேட்டிலிருந்து நீங்கிய அந்தத் தொகை ஒரு பெண்ணின் நாளில் போய்ச் சேர்ந்தது.

இதற்காக வீட்டுச் சிகிச்சையே தவறு என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கே அது பெரிய விடுதலையாகவும் இருந்தது. ஒரு வருடம் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் போய்ப் படுக்க எந்தத் தாயால் முடியும்? போனவள் திரும்பி வரும்போது அவள் இடத்தில் இன்னொருத்தி இருக்கமாட்டாள் என்று யார் உறுதி சொல்வார்கள்? சானடோரியம் ஒரு பெண்ணை ஊரறிய நோயாளியாக்கியது. வீட்டு மாத்திரை அந்த முத்திரையிலிருந்து ஓரளவு காத்தது. ஆக, சென்னை ஆய்வு பெண்ணுக்கு ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதை இதுவரை யாரும் வரவு வைக்கவில்லை.

இந்தப் பழைய அறிக்கைகளை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் ஊர். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கச்சாவடியால் மட்டுமே வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த அனுமந்தையைச் சேர்ந்தவள் நான். இது உப்பளக் கரை. மழை ஓய்ந்து தை, மாசியில் பாத்தி திருத்தினால், அடுத்த மழை வரும்வரை உப்பு. வாருபலகையால் உப்பை இழுத்துக் கரை சேர்ப்பதும், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து குவியலில் கொட்டுவதும் தினக்கூலி வேலை. சுமப்பவர்களில் பெண்கள் அதிகம். வேலை இல்லாத மழை மாதங்களுக்கு இப்போது அரசு 5,000 ரூபாய் தருகிறது. பருவத்தில் ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போனதுதான்.

காசநோய் சிகிச்சையின் ஆறு மாதத்தை இந்தப் பருவத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தையில் நோய் தெரிந்தால் ஆடி வரை மாத்திரை. ஆண்டின் முக்கால் சம்பாத்தியம் வருகிற மாதங்கள் அவை. எங்கள் பக்கத்தில் பாத்தி வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இரண்டு முறை இந்த ஆறு மாதத்தைக் கடந்தவர். முதலில் அவர் கணவருக்கு, மூன்று வருடம் கழித்து அவருக்கு. "மாத்திரைய ஓசியிலதான் குடுக்குறாங்க பாப்பா. அதப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்தா கூலி யாரு குடுப்பா?" என்றார். அவர் கணவரை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டேன். "அவருக்கு வந்தப்பவும் நான்தான் பாத்தேன். எனக்கு வந்தப்பவும் நான்தான் பாத்தேன்."

உலக சுகாதாரக் கொள்கையில் 'வீடு' என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டுச் சிகிச்சை என்னும் ஏற்பாடு, வீட்டில் ஒரு பெண் எழுந்து நடமாடுகிறாள் என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. அவளே படுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

1993இல் உலக சுகாதார நிறுவனம் காசநோயை உலக அவசரநிலையாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் 'டாட்ஸ்' வந்தது. ஒருவர் கண் முன்னால் நோயாளி மருந்தை விழுங்க வேண்டும் என்ற முறை. சொல் புதிது, சரக்கு பழையது. மேற்பார்வையில் வாரம் இரு முறை மருந்து கொடுக்கும் முறையைச் சென்னை மையம் 1960களிலேயே சோதித்து வெளியிட்டிருந்தது. 1997இல் உலக வங்கியின் சுமார் 14 கோடி டாலர் கடனோடு திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் இந்தியாவில் விரிவானது. பிரிட்டன், டென்மார்க், அமெரிக்க அரசுகளின் உதவி நிறுவனங்களும் கைகொடுத்தன. திருவள்ளூர் மாவட்டம் முன்மாதிரித் திட்டப் பகுதியாயிற்று. மருந்துப் பெட்டிகள் ஊருக்கு ஊர் போய்ச் சேர்ந்தன. அங்கன்வாடிப் பணியாளர், ஊரில் நம்பகமான பெண் என்று பலர் மருந்து கொடுப்பவர்களாக ஆனார்கள். உயிர்கள் பிழைத்தன. அதில் சந்தேகமே வேண்டாம்.

இந்தக் காலத்தில்தான் சேத்துப்பட்டு நிறுவனத்தின் சமூக ஆய்வாளர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1999இல் வெளியான அவர்களது ஆய்வு, 304 நோயாளிகளின் குடும்பக் கணக்கைக் கேட்டது. 'இலவச' சிகிச்சையில் ஒருவருக்குச் சராசரியாக 83 நாள் வேலை போயிருந்தது. மருந்துக்கு முன்னும் பின்னுமான அலைச்சல், இழந்த கூலி எல்லாம் சேர்த்துச் சுமார் 6,000 ரூபாய் செலவாகியிருந்தது. பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஐந்தில் ஒரு பங்கினர் படிப்பை விட்டிருந்தார்கள். நோயுற்ற பெண்களால் பிள்ளைகளையும் வீட்டையும் பராமரிக்க முடியாமல் போனதையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் கண்ணில் படாத வேலை, அது நின்றுபோனபோது கண்ணில் பட்டது.

2004இல் திருவள்ளூரிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு ஆண், பெண் வேறுபாட்டை நேரடியாகக் கேட்டது. பெண்கள் ஆண்களைவிட முறையாக மருந்து எடுத்து முடிக்கிறார்கள் என்று தெரிந்தது. அதே பெண்கள், நோயைப் பற்றி வீட்டாரிடம் பேசத் தயங்குவதில் ஆண்களை மிஞ்சினார்கள் (பெண்கள் 21 சதவீதம், ஆண்கள் 14). மருந்து வாங்கப் போகத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்றவர்களிலும் பெண்களே அதிகம். ஒத்துழைப்பின் எண்களில் முதலிடம் பிடித்தவளுக்குத் தன் வீட்டில் வாய் திறக்க முடியவில்லை.

சென்னை ஆய்வின் அந்த வரிக்குத் திரும்புகிறேன். சத்துணவு கட்டாயமில்லை என்ற பகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நோயாளி குணமாவதற்கு மருந்தே முதன்மை என்ற அளவில் அது உண்மை. ஆனால் திட்டம் போடுபவர்களுக்கு அது வசதியான உண்மையாகிவிட்டது. மாத்திரையைத் தருவோம், சோறு உங்கள் பாடு என்பது பல பத்தாண்டுகள் நடைமுறையாக இருந்தது. 2018இல்தான் நிக்ஷய் போஷன் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வரத் தொடங்கியது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். பணம் நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

2023இல் ஜார்க்கண்டிலிருந்து ஒரு ஆய்வு முடிவு வெளியானது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டது அது. ஒரு பகுதிக் குடும்பங்களில் நோயாளிக்கு மட்டுமின்றி, நோயில்லாத ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றும் வகை 48 சதவீதம் குறைந்தது. எந்தப் புது மருந்தும் தடுப்பூசியும் இல்லாமல் அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. இதில் என்னைக் கவர்ந்தது 'ஆளுக்கு இவ்வளவு' என்ற கணக்கு. குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று கொடுத்தால் அது முதலில் யார் தட்டுக்குப் போகும், கடைசியில் பானையில் என்ன மிஞ்சும், அதை யார் தின்பார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பராமரிப்பவளை ஒரு வயிறாக எண்ணியதே அவளை ஓர் ஆளாக எண்ணியதன் தொடக்கம்.

தமிழ்நாடும் ஒரு அடி எடுத்து வைத்தது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் தெரிந்தவுடன் ஒவ்வொருவரின் எடையையும் மூச்சையும் பார்க்கிறது, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறது. மிகவும் மெலிந்தவர்களை, தளர்ந்தவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறது. வீட்டால் தாங்க முடியாத நிலை ஒன்று உண்டு என்பதை 1956க்குப் பிறகு ஒரு திட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதாக இதை நான் வாசிக்கிறேன்.

பன்னாட்டுக் கூட்டுகள் வரும், போகும். 2025இல் அமெரிக்கா தன் பன்னாட்டு உதவி நிறுவனத்தையே மூடிவிட்டது. பல நாடுகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்து வழங்கலும் ஆட்டங்கண்டன. இந்தியத் திட்டம் பெரிதும் சொந்தப் பணத்தில் நடப்பதால் நாம் தப்பித்தோம். ஆனால் 2025க்குள் ஒழிப்போம் என்று வைத்த இலக்கு எட்டப்படவில்லை. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறார். கொடையாளிகள் கையை விரிக்கும்போது மிச்சம் இருக்கப்போவது மாத்திரை அட்டையும் வீடும்தான். அந்தப் பங்காளி விலகிக்கொள்ள முடியாதவள் என்பதாலேயே எல்லாக் கூட்டுகளும் அவள்மேல் சாய்கின்றன.

அவளுக்கு நன்றி சொல்லும் விழாக்கள் வேண்டாம். கணக்கு வேண்டும். ஒரு காசநோயாளிக்கு ஆகும் செலவை அரசோ உலக வங்கியோ எழுதும்போது, பராமரிப்பவரின் மணிநேரத்துக்கும் இழந்த கூலிக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். உணவு உதவி வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஆள் கணக்கில் வர வேண்டும், ரேஷன் கடையில் அதற்கு வழியும் இருக்கிறது. மழை மாதத்துக்கு உதவித்தொகை தரும் அரசு, பருவத்தில் நோயில் விழும் உப்பளத் தொழிலாளிக்கும் அந்த ஆறு மாதக் கூலியில் ஒரு பங்கையாவது ஈடுசெய்யலாம். பெண் நோயாளி என்று பதிவாகும்போதே அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியும் படிவத்தில் இருக்க வேண்டும். 'நானே' என்று பதில் வந்தால், அங்கே வீட்டுச் சிகிச்சை என்ற பெயரில் சிகிச்சை மட்டும்தான் இருக்கிறது, வீடு இல்லை என்று மருத்துவம் புரிந்துகொள்ள வேண்டும்.